கரண்ட் வந்தால் தெரிவதற்காக

போர்ட் பிளேர்
9 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அனு எழுதுகிறேன். மாற்றல் வந்த இடத்துக்கு நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். குவார்ட்டர்ஸ் ஒரு சரிவில் இருக்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறது. மூடினால் பூஞ்சை வாடை. ஆபீஸ் பக்கத்திலேயே இருப்பதால் அலிப்பூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்த கால்களுக்கு இங்கே வேலையே இல்லை. நரேனின் கப்பல் இப்போது எங்கேயோ ஆப்பிரிக்கா பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில்தான் வருவார்.

எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் கேட்டால் "எல்லாம் சரியா இருக்கும்மா" என்பதற்கு மேல் உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வருவதில்லை. உங்களிடம் விட்டுவந்த பிள்ளைகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள், நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? அப்பாவுக்குப் பேனா பிடித்தால்தான் வாய் திறக்கும் என்று அம்மா சொல்வாள். அதனால் எழுதுங்கள். தபாலில் போடுங்கள். வாட்ஸப்பில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி மஹிமாவிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் ஃபிரிட்ஜில் நான் ஒட்டிவிட்டு வந்த தாள் அங்கேயே இருக்கிறதா? அதில் புதிதாக ஒன்றுமில்லை, அலிப்பூர் வீட்டில் நான் தொண்டை கிழியக் கத்தியதுதான். அறையை விட்டு வெளியே வந்தால் விளக்கும் ஃபேனும் அணைய வேண்டும். இஸ்திரி போட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சாப்பிட்ட பிறகு இரண்டு போனும் மேசைமேல் இருக்க வேண்டும். வெளியே போனால் எங்கே என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். மஹிமாவுக்குப் பதினைந்து வயது, கௌசிக்குக்குப் பதின்மூன்று. இது கூடவா முடியாது?

அப்பா, கிளம்பும்போது சொன்னதை மறுபடி எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோயம்புத்தூரில் நரேனின் அக்கா வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஹாஸ்டலில் வரும் ஏப்ரலுக்கு இரண்டு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். அக்டோபர் முடிவதற்குள் வேண்டும், வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மிரட்டல் இல்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். நீங்கள் அதட்டி நான் பார்த்ததே இல்லை. என்னைக்கூட அம்மாதான் அதட்டினாள், நீங்கள் பேப்பருக்குள் போய்விடுவீர்கள். இப்போது அம்மா இல்லை.

கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள் அப்பா. எனக்காக.

மாத்திரையை மறக்காமல் சாப்பிடவும்.

உங்கள் அனு

*

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
23 ஜூன் 2024

அன்பு மகள் அனுவுக்கு, அப்பாவின் ஆசிகள்.

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் என் கையில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "மெய்யேர் சிட்டி?" என்று கேட்டார். மகள் கடிதமா என்கிறார். ஆமாம் என்று தலையாட்டியபோது எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

தாள் ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது. விதிகள் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படுகின்றன. முழுமையாக என்று சொல்ல முடியாது.

நான் சொல்லாமல் இல்லை. கௌசிக் அறையிலிருந்து வெளியே வந்தால், விளக்கும் ஃபேனும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். நான் ஒரு தடவை இருமுவேன். "கௌசிக், லைட்டு..." என்பேன். "இதோ திரும்பி வந்துருவேன் தாத்தா" என்பான். பிறகு பார்த்தால் தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருப்பான். மஹிமாவுக்கு எப்போதும் காதில் அந்தக் கருவி. நான் சொல்வது அவளுக்குக் கேட்பதில்லை. கேட்காதது எனக்கும் ஒருவகையில் நிம்மதி, ஏனென்றால் கேட்டால் என்ன பதில் வருமோ என்ற தயக்கம் எனக்கு உண்டு.

வாயால் சொல்வதைவிட எழுத்தில் தெரிவிப்பது முறை என்று நினைத்து, ஸ்விட்ச் போர்டுக்கு மேலே ஒரு சீட்டு ஒட்டினேன். "வெளியே செல்வோர் விளக்கை அணைத்துச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இருவருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்பதை நான் யோசிக்கவில்லை. போனை அதற்கு முன்னால் காட்டினார்கள். போன் ஒரு பெண் குரலில் அதை அப்படியே வாசித்தது. அன்றிலிருந்து வீட்டில் எதற்கெடுத்தாலும் அந்தக் குரல்தான். "தாத்தா, சட்னி கொடுக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்!" எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது தவறுதான். அதன் பிறகு சீட்டுக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது.

கண்டிப்பு எனக்குப் பழக்கமில்லை அனு. உனக்கும் நான் எதுவும் சொல்ல நேர்ந்ததில்லையே என்று யோசித்துப் பார்த்தேன். கார்டன் ரீச் குவார்ட்டர்ஸில் நாம் இருந்த காலத்தில் விளக்கை அணை என்று எந்தத் தகப்பனும் சொல்லவில்லை, ஊரே அணைத்துக்கொண்டிருந்தது. உனக்கு அப்போது எட்டு வயதிருக்கும். ஆபீஸிலிருந்து நான் வருவதற்கும் லோட் ஷெடிங் தொடங்குவதற்கும் சரியாக இருக்கும். உன் அம்மா ராஜம் பழைய செய்தித்தாளை உருட்டி ஹரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைப்பாள். நீ அந்தக் கரியைத் தொட்டு மீசை வரைந்துகொள்வாய். எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவோம். ஆற்றில் கப்பல் ஊதும். கீழே வீட்டில் எல்லா ஸ்விட்சும் போட்டே கிடக்கும், கரண்ட் வந்தால் தெரிய வேண்டுமே. வந்ததும் குவார்ட்டர்ஸ் முழுக்க ஒரே குரலாக, "ஏஷே கேச்சே!" என்று கத்துவார்கள். வந்துவிட்டதாம். கோல் போட்ட மாதிரி ஒரு கூச்சல். உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

எங்கேயோ போய்விட்டேன். விதிகள் விஷயத்தில் மேலும் முயற்சி செய்கிறேன்.

அன்புடன்,
அப்பா

*

போர்ட் பிளேர்
14 ஜூலை 2024

அன்புள்ள அப்பா,

"பொதுவாகக் கடைப்பிடிக்கப்படுகின்றன" என்று நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை மஹிமா வீடியோவில் பேசினாள். அவள் ஹாலில் இருக்கிறாள். பின்னால் அறையில் விளக்கு எரிகிறது, யாருமில்லை. ஃபேன் சுற்றுகிறது, யாருமில்லை. பாத்ரூம் விளக்கு எரிகிறது, கதவு திறந்து கிடக்கிறது. அப்புறம் ஒரு கை மட்டும் தெரிந்தது. நீல முழுக்கைச் சட்டை. அந்தக் கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போனது. அந்தச் சட்டை நான் வாங்கிக் கொடுத்தது அப்பா.

அவர்கள் போட்டுக்கொண்டே போகிறார்கள், நீங்கள் அணைத்துக்கொண்டே பின்னால் நடக்கிறீர்கள். இதற்குப் பெயர் கடைப்பிடிப்பதா?

லோட் ஷெடிங் ஞாபகம் இருக்கிறது. மீசையும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. கணக்குப் பரீட்சைக்கு முந்தின சாயங்காலம், ஹரிக்கேன் பக்கத்தில் நான் உட்கார்ந்து வகுத்தல் போட்டுக்கொண்டிருந்தேன். வேர்வை நோட்டில் சொட்டி மை கலைந்தது. நீங்கள் ஆபீஸ் ஃபைல் அட்டை ஒன்றை எடுத்து எனக்கு விசிற ஆரம்பித்தீர்கள். கை வலிக்கலையா என்று கேட்டேன். நீங்கள் அட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டீர்கள். அவ்வளவுதான் பதில். கணக்கில் எனக்கு நல்ல மார்க் வந்தது. அதற்கு என் மூளைதான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன். எனக்கு விசிறியது போதும். இந்த வயதில் அவர்கள் பின்னாலும் நீங்கள் நடக்க வேண்டாம். ஒரே ஒரு தடவை உரக்கச் சொல்லுங்கள். வானம் இடிந்து விழாது.

அனு

பி.கு. சாதனா மாஷிமா எப்படி இருக்கிறார்? எதிர்வீட்டில் அவர் இருப்பதுதான் எனக்குத் தைரியம்.

*

லேக் கார்டன்ஸ்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அனுவுக்கு,

நீ சொன்னபடி உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.

என்ன சொல்வது என்று முன்கூட்டியே தாளில் எழுதி, சுருக்கி, மனப்பாடம் செய்துகொண்டேன். இரவுச் சாப்பாட்டின்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, "இனிமேல் இந்த வீட்டில்..." என்று தொடங்கினேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, நடுவில் குரலும் உடைந்துவிட்டது. மஹிமா சட்டென்று எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். "என்ன தாத்தா, புரையேறிடுச்சா?" கௌசிக் என் முதுகில் தட்டினான். நான் தண்ணீரைக் குடித்தேன். மிச்சத்தைச் சொல்ல முடியவில்லை. அன்று இரவு இருவரும் போனைத் தாங்களாகவே மேசைமேல் வைத்துவிட்டு, என்னைப் படுக்கச் சொன்னார்கள். அது விதிக்காக வைத்ததா, எனக்கு உடம்பு சரியில்லை என்று வைத்ததா, தெரியவில்லை.

போன வாரம் கௌசிக் தானாகவே ஃபேனை அணைத்தான். உனக்கு உடனே எழுத வேண்டும் என்று இருந்தது. விசாரித்ததில், மழையில் நனைந்து வந்து குளிர்ந்ததால் அணைத்தானாம்.

பின்னால் நடந்து அணைப்பது நான்தான். மறைக்க நினைத்தேன், சட்டை காட்டிக்கொடுத்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதே. எனக்கு அது கஷ்டமாக இல்லை. ராஜம் போன பிறகு நான்கு வருஷம் இந்த வீட்டில் நான் இருக்கும் அறையில் மட்டும் ஒரு விளக்கு எரிந்தது. வேறு அறைகளில் அணைப்பதற்கு ஒன்றும் இருந்ததில்லை. இப்போது காலி அறையில் விளக்கு எரிவதைப் பார்த்தால், யாரோ இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார்கள், திரும்பி வருவார்கள் என்று இருக்கிறது. உடனே அணைக்காமல் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் அணைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு நீ, அப்பாவை நம்பி விட்டது தப்பு என்று நினைக்கலாம். நானும் அடிக்கடி அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அக்டோபர் வரை அவகாசம் இருக்கிறது அல்லவா? கோயம்புத்தூருக்கு இப்போதே எதுவும் சொல்லிவிடாதே.

சாதனா மாஷிமா நலம். மூட்டு வலிதான். நீ கேட்டதாகச் சொன்னேன். ஒரு கிண்ணம் பாயேஷ், அவர்கள் பாயசம், கொடுத்தனுப்பினார். உன் பங்கையும் கௌசிக் சாப்பிட்டான்.

அன்புடன்,
அப்பா

*

போர்ட் பிளேர்
19 செப்டம்பர் 2024

அப்பா,

போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

சாதனா மாஷிமா அன்றைக்கே என்னைக் கூப்பிட்டுவிட்டார். பிள்ளைகள் அறையில் புகை, திரைச்சீலை எரிந்து, சுவரெல்லாம் கரி. அப்புறம் கௌசிக் பேசினான். "நான்தான்மா. இஸ்திரி போட்டுட்டு இருந்தேன், கரண்ட் போச்சு, அப்படியே மறந்துட்டு மாடிக்குப் போயிட்டேன்." அழவில்லை, சாக்குச் சொல்லவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். விரலில் கொப்புளம் என்பதையே மஹிமா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இஸ்திரி போட்டால் பிளக்கைப் பிடுங்கு. எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? கரண்ட் வந்த நேரத்தில் யாராவது அந்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தால்?

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களால் முடியாததை உங்கள் தலையில் வைத்தேன், தப்பு என்னுடையது. துர்கா பூஜை விடுமுறை முடிந்ததும் கோயம்புத்தூருக்கு இரண்டு இடத்தையும் உறுதி செய்யப்போகிறேன். கௌசிக்கிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னால் அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அனு

*

லேக் கார்டன்ஸ்
25 செப்டம்பர் 2024

என் அன்பு அனுவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கௌசிக்கிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன் அன்று நடந்ததை உள்ளபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நீ முடிவு செய்.

அன்று விஸ்வகர்மா பூஜை. காலையில் கௌசிக் தன் சிநேகிதன் வீட்டு ஒர்க்ஷாப் பூஜைக்குப் போக வேண்டுமென்று நல்ல சட்டை ஒன்றுக்கு இஸ்திரி போட்டான். ராஜம் வாங்கிய அந்தப் பழைய கனத்த பெட்டிதான், தானாக நிற்காது. பூஜைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தவன், காத்தாடியும் நூல் உருளையுமாக மொட்டை மாடிக்கு ஏறிவிட்டான். ஊரில் உள்ள பையன்கள் எல்லாம் அன்று மாடியில்தானே இருப்பார்கள். காத்தாடி அறுபடும்போதெல்லாம் "போகாட்டா!" என்று கத்துவது கீழே ஹாலில் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. மஹிமா என் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் தெரு முனைப் பெட்டியில் ஏதோ வெடித்தது. கரண்ட் போய்விட்டது. "அய்யோ, போன்ல சார்ஜே இல்ல!" என்றாள் மஹிமா. எனக்கோ, உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. எத்தனை வருஷமாயிற்று! மெழுகுவத்தியைத் தேடி ஏற்றி அவளிடம் கொடுத்தேன். பிறகு சுவரைத் தடவிக்கொண்டே ஹால், சமையலறை, இரண்டு அறைகள் என்று போய், எல்லா ஸ்விட்சையும் வரிசையாகத் தட்டிப் போட்டுவிட்டு வந்தேன், கரண்ட் வந்தால் தெரிவதற்காக. விரல்களுக்கு அந்தப் பழக்கம் இன்னும் மறக்கவில்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

அப்போது கௌசிக் மாடியிலிருந்து இறங்கி வந்தான். "தாத்தா, கீழே செம கரம், கொதிக்குது! சோலோ சோலோ, வாங்க போலாம், மேலே சூப்பர் காத்து." மூவரும் மேலே போனோம். கட்டடமே அங்கே இருந்தது. யாரோ முறிப் பொரி கலந்து கொண்டுவந்தார்கள். இருட்டில் நான் பேசிக்கொண்டே இருந்தேன். கார்டன் ரீச், ஹரிக்கேன், உன் மீசை.

"அப்ப அம்மா ஹோம்வொர்க் பண்ணாம தப்பிச்சிருப்பாங்களே?" என்றான் கௌசிக்.

"உங்க அம்மாவா? கரண்ட் வந்தப்புறமும் ஹரிக்கேனை அணைக்க விடமாட்டா, மறுபடி போயிடும்னு."

"அம்மாவே லைட்டை அணைக்கலையா! மஹிமா, நோட் பண்ணிக்கோ."

எல்லா ஸ்விட்சையும் போட்டுவிட்டு மாடியில் காத்திருப்போம் என்றதும், "அதெப்படி, லைட்டே இல்லாம லைட்டைப் போடுவீங்க?" என்று மஹிமா சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ராஜம் மாதிரி, கழுத்தைப் பின்னால் சாய்த்து.

கரண்ட் வந்தது. எதிர்ச் சுவரில் நம் ஜன்னல் வெளிச்சம் விழுந்தது. "ஏஷே கேச்சே!" என்று கத்தியதில் கௌசிக் குரல்தான் உரக்க இருந்தது. ஆனால் யாரும் கீழே போகவில்லை, காற்று அவ்வளவு நன்றாக இருந்தது. சாதனா மாஷிமாதான் அடுப்பைப் பார்க்க இறங்கினார். மாடிப்படியிலிருந்து அவர் கத்தினார், வாடை வருகிறது, உங்கள் வீடு என்று. கௌசிக் மூன்று நான்கு படிகளாகத் தாவி ஓடினான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் பிளக்கைப் பிடுங்கி, இஸ்திரிக்கு விரித்திருந்த கம்பளிமேலும் திரைச்சீலைமேலும் தண்ணீர் ஊற்றி முடித்திருந்தான். ஸ்விட்ச் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றான். என்னைத் திரும்பிப் பார்த்து, நான் கேட்பதற்கு முன்பே, "நான்தான் தாத்தா, இஸ்திரி போட்டுட்டு மறந்துட்டேன்" என்றான். மஹிமா அவனைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இவன் எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுக்கப் போய்விட்டாள்.

எனக்கு ஒரு சிறு குழப்பம் மட்டும் இருக்கிறது. காலையிலேயே இஸ்திரி போட்டவன் சாயங்காலம் எதற்கு மறுபடி போட்டான்? கரண்ட் போனபோது அவன் மாடியில் இருந்ததாக என் நினைவு. எனக்கு வயதாகிறது, முன்பின் மாறியிருக்கும்.

அனு, தானாக முன்வந்து ஒப்புக்கொண்ட பையனைத் தண்டிக்காதே. நான் அவனை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. விரல் ஆறிவருகிறது.

அன்புடன்,
அப்பா

*

போர்ட் பிளேர்
3 அக்டோபர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸில் பிரித்தேன். பாதியில் மூடி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். அப்புறம் கௌசிக்கைக் கூப்பிட்டேன்.

"கரண்ட் போனப்ப நீ எங்கடா இருந்தே?"

"ரூம்ல."

"காத்தாடி விட்டுட்டு இருந்ததா தாத்தா எழுதியிருக்காரே?"

"காத்தாடி விட்டுட்டு ரூமுக்கு வந்தேன். அம்மா, எத்தனை தடவை கேப்பே? நான்தான். ஹாஸ்டல் போகணும்னா போறேன். தாத்தாவை மட்டும் ஒண்ணும் கேக்காதே."

ஹாஸ்டல் என்று அவனுக்கு யார் சொன்னது? நீங்கள் சொல்லவில்லை. மேசைமேல் இருந்த என் கடிதத்தை அந்தப் போன் குரல் வாசித்துக் காட்டியிருக்கும். மஹிமாவைக் கூப்பிடச் சொன்னேன். "எனக்கு எதுவும் தெரியாது" என்று நான் கேட்பதற்கு முன்பே சொன்னாள். இந்த இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று நான் பார்த்ததே இல்லை அப்பா. ஒரு சார்ஜருக்காக ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கிறவர்கள்.

நானும் எல்லாவற்றையும் யோசித்துப் பார்க்கிறேன். கார்டன் ரீச் வீட்டில் பல்புகளும் இரண்டு ஃபேன்களும்தான் இருந்தன. எந்த ஸ்விட்சைப் போட்டாலும் வெளிச்சமோ காற்றோதான் வந்தது. அம்மாவின் இஸ்திரிப் பெட்டிக்கு அப்போது கரி போட வேண்டும்.

இதற்கு மேல் எழுத எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்குப் புரியும்.

கோபம் போய்விட்டது. அதன் இடத்தில் பயம் வந்திருக்கிறது, இந்தத் தடவை மூன்று பேருக்காகவும். கோயம்புத்தூருக்கு இந்த மாதம் பதில் சொல்லியாக வேண்டும். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள் அப்பா.

பூஜைக்கு லீவு கிடைக்கவில்லை. பந்தல் பார்க்கப் போனால் கூட்டத்தில் மஹிமாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அல்லது அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

உங்கள்
அனு

*

லேக் கார்டன்ஸ்
15 அக்டோபர் 2024

அன்பு மகள் அனுவுக்கு,

தசமி முடிந்து இன்றுதான் தெரு அமைதியாக இருக்கிறது. பந்தலைப் பிரிக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது.

கரிப்பெட்டி பற்றி நீ எழுதிய வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகள் அறைக்குப் போனேன். அவர்கள் இல்லை. போர்டுக்கு முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அன்று செய்த மாதிரியே கையை ஓட்டிப் பார்த்தேன். விளக்கு, ஃபேன், இன்னொரு விளக்கு. கை நிற்கவில்லை. கடைசியாக இஸ்திரி பிளக் இருக்கும் ஸ்விட்சுக்குப் போய்த்தான் நின்றது. கட்டிலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கடவுளே, அந்த அறையில் யாராவது படுத்திருந்தால் என்று நீ எழுதியிருந்தாயே, அதைத் தவிர வேறு எதுவும் நினைக்கத் தோன்றவில்லை.

மறுநாள் சஷ்டி. காலையில் இருவரும் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். தாளில் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. "இஸ்திரி ஸ்விட்சைப் போட்டது நான்தான், கௌசிக் இல்லை" என்றேன்.

கௌசிக் தட்டைப் பார்த்துக்கொண்டே, "தெரியும் தாத்தா, விடுங்க" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"எல்லா ஸ்விட்சும் ஆன்ல இருந்துச்சு. நம்ம வீட்ல அப்படிப் போடறது யாரு? அப்பதான் மாடியில அந்தக் கதையைச் சொல்லிட்டு வரீங்க."

"பிளக்கைப் பிடுங்காதது இவன்தான்" என்றாள் மஹிமா. "அதனால பாதி இவன் தப்பு. அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க தாத்தா. உங்களைத் தனியா விடக்கூடாதுன்னு சொல்லுவாங்க. இல்லன்னா எங்களை உங்ககூட விடக்கூடாதுன்னு சொல்லுவாங்க. ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா சொல்லுவாங்க."

"உங்க அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். நான்தான் எழுதினேன்."

"அய்யோ தாத்தா!" என்று இருவரும் தலையில் கையை வைத்துக்கொண்டார்கள். "நீங்களே உங்களைப் போட்டுக்கொடுத்தீங்களா? நான் அவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொன்னேனே!" என்றான் கௌசிக். எனக்கு அழுகை வந்தது. புரையேறியதாக நினைத்து மஹிமா தண்ணீர் எடுக்க எழுந்தாள். இல்லை, உட்காரு என்றேன்.

பழைய பெட்டியை எடைக்குப் போட்டாகிவிட்டது. துணிகள் இனி முனைக்கடை இஸ்திரிக்காரரிடம் போகும். எலக்ட்ரீஷியன் வந்து அந்தப் பிளக் பாயின்ட்டைக் கழற்றிவிட்டு, சமையலறையில் எனக்கு எட்டாத உயரத்தில் ஒன்று வைத்திருக்கிறார். சாதனா மாஷிமாவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. ஒரு சாவி அவரிடம் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று. இப்போது இந்த வீட்டில் ஒரு விளக்கும் வீணாக எரிவதில்லை. படுக்கும் முன் கௌசிக் ஒவ்வோர் அறையாகப் போய்ப் போர்டைப் பார்க்கிறான். நான் அறையை விட்டு எழுந்தால் பின்னாலேயே வருகிறான். "தாத்தா, கிச்சன் லைட்டு" என்கிறான். அதட்டல்தான். நான் "இதோ திரும்பி வந்துருவேன்டா" என்கிறேன். அவன் நம்புவதில்லை, அணைத்துவிடுகிறான். கண்டிப்பு அவனுக்கு நன்றாக வருகிறது. ராஜத்திடமிருந்து உனக்கு வந்து, உன்னிடமிருந்து அவனுக்குப் போயிருக்கிறது. நடுவில் நான் மட்டும் விட்டுப்போய்விட்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஆபீஸில் நான் எழுதிய எந்தக் குறிப்பும் என் முடிவோடு முடிந்ததில்லை. விஷயத்தை விளக்கி, இரண்டு பக்கத்தையும் சொல்லி, "தகுந்த உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது" என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேலே வேறொருவர் கையெழுத்து வரும். இந்தக் கடிதத்தையும் முதலில் அப்படித்தான் எழுதினேன். தவறு என்னுடையது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போ, நான் வருத்தப்பட மாட்டேன், எது நல்லதோ அதைச் செய் என்று இரண்டு பக்கம். அழகாகத்தான் வந்திருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். வருத்தப்பட மாட்டேன் என்று எழுதியது உண்மை இல்லை.

எனக்கு வயதாகிவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, இந்த வீட்டை விட்டே போகத் தயாராக இருந்தான் ஒரு பையன். அவனை நான் அனுப்ப மாட்டேன். மஹிமாவையும் அனுப்ப மாட்டேன். பிள்ளைகள் இங்கேயே இருப்பார்கள். கோயம்புத்தூருக்கு வேண்டாம் என்று எழுதிவிடு.

இது என் முடிவு. மறுபடி படித்துப் பார்த்தால் எதையாவது அடித்துவிடுவேன், அதனால் படிக்காமலே ஒட்டுகிறேன்.

அப்பா